கையெழுத்துப் போடுபவரை யார் கட்டுப்படுத்துவது?

கொலன்னாவையில் மக்கள் இயக்கமொன்றைக் கட்டி, அடுத்த உள்ளூராட்சித் தேர்தலில் சுயேச்சைக் குழுவாக இறங்க எண்ணுபவர்களுக்கு இதை எழுதுகிறேன். மாநாட்டுக்கு மண்டபம் தேடுவதற்கு முன் ஒரு விடயத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். வேட்புமனுவில் கையெழுத்துப் போடப்போவது யார்? அவரை யார் கட்டுப்படுத்துவது? நமது தேர்தல் சட்டம் மாநாடுகளைக் கணக்கில் எடுப்பதில்லை. கட்சியென்றால் செயலாளர், சுயேச்சைக் குழுவென்றால் குழுத் தலைவர், இவர்களைத்தான் அதற்குத் தெரியும். நூற்றுக்கணக்கானோர் கூடித் தெரிவுசெய்த பெயரை அவர் இரவோடிரவாக வெட்டிவிட்டாலும் தெரிவத்தாட்சி அலுவலர் ஏனென்று கேட்கமாட்டார்.

மக்கள் அறியாத பட்டியலுக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2006ஆம் ஆண்டு கொழும்பு மாநகர சபைத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சியின் வேட்புமனு நிராகரிக்கப்பட்டது. கொழும்பைத் தன் கோட்டையாக வைத்திருந்த கட்சி, மூக்குக்கண்ணாடிச் சின்னத்தில் நின்ற ஒரு சுயேச்சைக் குழுவை ஆதரிக்க வேண்டியதாயிற்று. அந்தக் குழு வென்றது. முச்சக்கரவண்டிச் சாரதியான உவைஸ் மொஹமட் இம்தியாஸ் மேயரானார். உழைப்பாளி ஒருவர் அந்தக் கதிரையில் அமர்வதை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் பட்டியலில் இருந்தவர்களை அறிந்து புள்ளடியிட்டவர்கள் எத்தனை பேர்? சின்னத்தைப் பார்த்துத்தான் வாக்குகள் விழுந்தன. மக்கள் இயக்கமொன்றுக்கு அந்த நிலைமை வரவே கூடாது.

கொலன்னாவைக்கு இந்த எச்சரிக்கை கூடுதலாகவே தேவை. 2009இல் கொட்டாஞ்சேனைப் பக்கத்து ப்ளூமெண்டால் குப்பைமேடு மூடப்பட்டபோது, கொழும்பின் குப்பை இங்குள்ள மீதொட்டமுல்லைக்கு வந்தது. அங்கிருந்தவர்கள் வருடக்கணக்கில் வீதியில் இறங்கிக் கத்தினார்கள். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு தினத்தன்று, குப்பைமேடு வீடுகளின்மேல் சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அடுத்த உள்ளூராட்சித் தேர்தல் 2018 பெப்ரவரி 10இல், பத்தே மாதத்தில் வந்தது. இப்படியோர் ஊரில் வேட்பாளரைத் தேடும்போது "இவரை எல்லோருக்கும் தெரியுமா?" என்ற கேள்வி போதாது. குப்பைப் பிரச்சினையில், களனி கங்கை பெருகி வெள்ளம் வந்த நாட்களில், வடிகான் அடைத்தபோது இவர் என்ன செய்தார் என்று அவருடைய வட்டாரத்தவர்களிடமே கேளுங்கள்.

அதோடு இன்னொரு சோதனையும் வையுங்கள். சபையின் வரவு செலவுத் திட்டத்தை ஒவ்வொரு விண்ணப்பதாரிக்கும் கொடுத்து, இரண்டு வாரம் கழித்து வட்டாரக் கூட்டத்தில் பத்து நிமிடம் விளக்கச் சொல்லுங்கள். ஆர்ப்பாட்டத்தில் முன்வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் நல்ல உறுப்பினர் ஆகிவிடுவதில்லை. கேள்விப்பத்திரமும் குழுக்கூட்டமும் நிதி ஒதுக்கீடும்தான் நான்கு வருடமும் அவர்களுடைய வேலை.

தெரிவு வட்டாரத்தில்தான் நடக்க வேண்டும். வாக்களிக்கும் அங்கத்தவர் பட்டியலைக் குறைந்தது மூன்று மாதம் முன்னரே மூடிவிடுங்கள். மூடாவிட்டால் கூட்டத்தன்று யாரோ ஒருவருடைய செலவில் வான் வானாக ஆட்கள் வந்திறங்குவார்கள். நாளையும் யோசித்துக் குறியுங்கள். வெள்ளி நண்பகல் ஜும்மா, ஞாயிறு காலை தேவாலயமும் தஹம் பாடசாலையும், போயா தினத்தில் பன்சலை. ஞாயிறு பின்னேரம் நாலு மணி பெரும்பாலும் எல்லோருக்கும் சரிவரும், இருட்டுவதற்கு முன் பெண்கள் வீடு திரும்பவும் முடியும். தமிழும் சிங்களமும் கலந்த வட்டாரமென்றால் பேசப் பேச மொழிபெயர்க்க ஒருவர் வேண்டும். கடைசியில் இரண்டு நிமிடச் சுருக்கம் கொடுப்பது மற்றவர்களைச் சும்மா உட்காரவைப்பதற்குச் சமம். கைதூக்கும் முறை கூடவே கூடாது. வீட்டை வாடகைக்கு விட்டவர் முன்னாலும் கடன் கொடுத்த முதலாளி முன்னாலும் எவரும் தாம் நினைத்தபடி கைதூக்கமாட்டார்கள். துண்டுச் சீட்டில் எழுதி வாங்கி, அங்கேயே எல்லோர் கண்முன்னும் எண்ணிப் பலகையில் எழுதுங்கள்.

மாநாட்டின் வேலை அதற்குப் பிறகுதான். பிரதம அதிதியும் பொன்னாடையும் இல்லாமலே அதை நடத்தலாம். வட்டாரப் பிரதிநிதிகள் கூடி முடிக்க வேண்டிய மிக முக்கியமான காரியம் விகிதாசார ஆசனங்களுக்கான மேலதிகப் பட்டியல். சபை ஆசனங்களில் 60 வீதம் வட்டாரத்திலிருந்தும் 40 வீதம் விகிதாசாரத்திலிருந்தும் நிரப்பப்படுகின்றன. வாக்காளருக்கு இருப்பதோ ஒரேயொரு வாக்கு. விகிதாசாரத்தில் கிடைக்கும் ஆசனத்துக்கு யாரை அனுப்புவது என்பதைத் தேர்தல் முடிந்த பிறகு செயலாளரோ குழுத் தலைவரோ தீர்மானிக்கிறார். காசு கொடுத்தவரும் உறவுக்காரரும் உள்ளே நுழையும் வாசல் அதுதான். ஆகவே யார் முதலில், யார் அடுத்து என்ற வரிசையை மாநாடே வாக்கெடுத்துத் தீர்மானிக்கட்டும். அந்த வரிசையை மீறமாட்டேன் என்று குழுத் தலைவர் மேடையில் வாசித்துக் கையெழுத்திடட்டும். வழக்குக்குப் போனால் அந்தத் தாள் எவ்வளவு தூரம் நிற்கும் என்பது வேறு விடயம். ஊர் அறியப் போட்ட கையெழுத்தை மீறிவிட்டு அதே ஒழுங்கைக்குள் நடமாடுவது லேசல்ல.

பெண்கள் விடயத்தில் நேர்மையாக இருங்கள். சட்டம் வட்டார வேட்பாளர்களின் முதற்பட்டியலில் 10 வீதமும் மேலதிகப் பட்டியலில் 50 வீதமும் பெண்களைக் கேட்கிறது. பல குழுக்கள் ஆட்கணக்கை நிரப்ப அக்காமாரின் பெயரை வாங்கிக்கொண்டு, தேர்தல் முடிந்ததும் அவர்களை மறந்துவிடுகின்றன. வெல்லக்கூடிய வட்டாரமொன்றைப் பெண்ணுக்குக் கொடுங்கள், மேலதிகப் பட்டியலின் வரிசையிலும் மேலே வையுங்கள்.

இனி ஆவணங்கள். 2025 மார்ச்சில் நாடு முழுவதும் நானூறுக்கும் மேற்பட்ட வேட்புமனுக்கள் நிராகரிக்கப்பட்டன. இளைஞர் வேட்பாளர்களின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களில் இருந்த குறைபாடுகள் அதற்கொரு பெரிய காரணம். சில குழுக்கள் நீதிமன்றம் சென்று மீண்டன, மற்றவை வெளியிலேயே நின்றன. எனவே வேட்பாளராக நிற்காத ஒருவரை ஆவணப் பொறுப்பாளராக்குங்கள். ஒவ்வொருவருடைய பெயரும் அந்தச் சபைக்குரிய வாக்காளர் இடாப்பில் இருக்கிறதா என்று அவர் முதலில் பார்க்கட்டும். மலையகத்திலிருந்தோ வடக்கிலிருந்தோ வந்து வாடகைக்கு இருப்பவர்கள் பலரின் பெயர் இன்னும் சொந்த ஊர் இடாப்பிலேயே கிடக்கும். சத்தியப்பிரமாணத்தில் ஒப்பம் விடுபட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். கடைசி நாள் நண்பகல் பன்னிரண்டு மணிக்குக் கதவு மூடிவிடும், அதனால் முதல் நாளே கொண்டுபோய்க் கொடுங்கள்.

கட்டுப்பணமும் சிறிய தொகையல்ல. சுயேச்சைக் குழு வேட்பாளர் ஒருவருக்கு 5,000 ரூபா என்ற கணக்கில் முப்பது பேருக்கு ஒன்றரை இலட்சம். அதை ஒரே ஆளிடம் வாங்கினால் பட்டியலும் அவருடையதாகிவிடும். வட்டாரத்துக்கு வட்டாரம் ரசீது கொடுத்துத் திரட்டுங்கள். அந்த ரசீதுப் புத்தகங்களைப் பத்திரமாக வையுங்கள். 2023ஆம் ஆண்டின் தேர்தல் செலவினச் சட்டப்படி பெறுபேறு வெளியாகி 21 நாட்களுக்குள் ஒவ்வொரு வேட்பாளரும், தோற்றவரும்கூட, வரவு செலவுக் கணக்கைக் கொடுத்தாக வேண்டும்.