நின்ற நிலையில் நடுங்கும் இயந்திரம்

வாகனக் கடன் பிரிவில் பணியாற்றுவதால் பழுதுபார்ப்புக்கான மதிப்பீட்டுத் தாள்கள் பலவற்றை நான் பார்ப்பதுண்டு. சென்ற ஆண்டு மழைக்காலத்தில் கைக்கு வந்த ஒரு தாள் என்னுடையதாகவே அமைந்துவிட்டது. எட்டு ஆண்டுகள் ஓடிய என் பெட்ரோல் கார், திருவனந்தபுரம் பட்டம் சந்திப்பில் சிவப்பு விளக்குக்காக நிற்கும்போதெல்லாம் நடுங்கியது. இருமுறை அணைந்தும் போயிற்று. ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில், திராட்டில் பாடி, இன்ஜெக்டர் ஆகிய அனைத்தையும் மாற்றவேண்டும் என்று ஒரு பணிமனையில் எழுதிக் கொடுத்தனர். எதனால் நடுங்குகிறது என்பது மட்டும் அத்தாளில் இல்லை.

நம்மில் பலர் ஓட்டும் சிறிய கார்களில் மூன்று சிலிண்டர்களே உள்ளன. 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 முதல் இவ்வழக்கம் உண்டு. நிமிடத்துக்கு 800 சுற்றுகள் என்ற வேகத்தில் இயந்திரம் நின்ற நிலையில் ஓடும்போது நொடிக்கு 20 முறை எரிதல் நிகழவேண்டும். ஒரு சிலிண்டர் வேலை செய்யாவிட்டால் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். வேகமாகச் செல்லும்போது இக்குறை ஓரளவு மறைந்திருக்கும், நிற்கும்போது மறையாது. மூன்று சிலிண்டர் இயந்திரத்துக்கு இயல்பாகவே சிறு அதிர்வு உண்டு என்பதையும் நினைவில் கொள்ளல் வேண்டும்.

பணிமனைக்குச் செல்லுமுன் உரிமையாளரே கவனிக்கத்தக்கவை சில. சுற்றுகளைக் காட்டும் முள் அசையாமல் நிற்க, இருக்கையும் ஸ்டியரிங்கும் மட்டும் அதிர்ந்தால், இயந்திரத்தைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் தேய்ந்திருக்கலாம். எரிதலில் குறை இல்லை. ஏ.சி. போட்டவுடன் மட்டும் முள் சரிந்தால் திராட்டில் பாடியில் படிந்த கரியைச் சந்தேகிக்கலாம். அதைத் துடைத்தாலே பெரும்பாலும் போதும். புகைக்குழாயின் ஒலி இடையிடையே தவறினால் ஏதோ ஒரு சிலிண்டரில் எரிதல் நிகழவில்லை. அத்துடன் இன்ஜின் விளக்கும் மின்னி மின்னி எரிந்தால் காரை ஓட்டுவதை நிறுத்திவிடுவதே நலம். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை அடைந்து அதை உருக்கிவிடக்கூடும்.

கார்புரேட்டர் காலத்து மெக்கானிக் ஒவ்வொரு பிளக் வயராகக் கழற்றிப் பார்ப்பார். எந்த வயரைக் கழற்றியும் ஒலி மாறவில்லையோ, அந்தச் சிலிண்டரே பழுதானது. இன்றைய கார்களில் இன்ஜெக்டரின் மின்இணைப்பைக் கழற்றியே அச்சோதனையைச் செய்தல் வேண்டும். ஸ்கேனர் கருவியில் பி0301 என்று வந்தால் முதல் சிலிண்டரில் குறை. பி0171 என்றால் கலவையில் காற்று மிகுதி, பெட்ரோல் குறைவு. இக்குறியீட்டின் விளக்கத்தில் ‘பாங்க் 1’ என்றும் வரும். அது நம் தொழிலைக் குறிப்பதன்று, சிலிண்டர்களின் வரிசையைக் குறிப்பது! குறியீடு அறிகுறியைச் சொல்லுமேயன்றி, எந்தப் பாகத்தை வாங்கவேண்டும் என்று சொல்லாது.

பணத்தைக் கட்டுமுன் கரமனையில் உள்ள முதிய மெக்கானிக் ஒருவரிடம் காரைக் காட்டினேன். அவர் கருவி எதையும் எடுக்கவில்லை. “சார், பிரேக்கை மிதியுங்கள்” என்றார். மிதித்தேன், நடுக்கம் மாறியது. பானெட்டின் அடியில் ‘ஸ்ஸ்’ என்று மெல்லிய ஒலி கேட்டது. இயந்திரத்திலிருந்து பிரேக் பூஸ்டருக்குச் செல்லும் ரப்பர் ஹோஸை இடுக்கியால் நெரித்தார். இயந்திரம் உடனே சீராக ஓடிற்று. அந்த ஹோஸில் எலி கடித்த தடம் இருந்தது. இரு பருவமழை பெறும் இந்நகரில், நனையாத வெப்பமான இடம் தேடி எலிகள் பானெட்டுக்குள் புகுவது அரிதன்று.

நடுக்கம் அவ்வளவு பெரிதன்று. பிரேக்கை எளிதில் அழுத்த உதவுவது அந்த ஹோஸ் வழியே கிடைக்கும் வெற்றிடமே. அது அறுந்திருந்தால் பெடல் கல்லாக இறுகியிருக்கும். காரை நிறுத்தப் பன்மடங்கு வலிமை வேண்டியிருக்கும். மேடும் பள்ளமுமான இந்நகரின் சாலைகளில், பின் இருக்கையில் பிள்ளைகளுடன் சில வாரங்கள் அவ்வாறே ஓட்டியிருக்கிறேன். பிளக்கும் காயிலும் மாற்றியிருந்தால் பணமும் போயிருக்கும், கசிவும் இருந்திருக்கும்.

இதை வீட்டு வாசலிலேயே சோதிக்கலாம். இயந்திரத்தை அணைத்து, கியரை நியூட்ரலில் வைத்துக் கைப்பிரேக்கை இழுத்து, பிரேக் பெடல் இறுகும் வரை நான்கைந்து முறை மிதியுங்கள். காலை எடுக்காமல் இயந்திரத்தை இயக்குங்கள். பெடல் சற்றே கீழிறங்கவேண்டும். இறங்கவில்லையெனில் பூஸ்டரிலோ அதன் ஹோஸிலோ வால்விலோ குறை உள்ளது; தாமதமின்றிப் பணிமனைக்குச் செல்லுங்கள்.

புதிய ஹோஸுக்கும் கூலிக்கும் ஆன செலவு, முதல் மதிப்பீட்டில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. பழைய பிளக்குகளைத் துடைத்து, இடைவெளியைச் சரிபார்த்து மீண்டும் பொருத்தினார். பழுது நீங்கியதா என்பதைப் புகைச் சான்றிதழிலும் பார்க்கலாம். பாரத் நிலை 4 பெட்ரோல் காருக்கு நின்ற நிலையில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்தையும் ஹைட்ரோகார்பன் 200 பி.பி.எம். அளவையும் தாண்டக்கூடாது. ஹைட்ரோகார்பன் எண் உயர்ந்திருந்தால், எங்கோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் வெளியேறுகிறது. பலரும் அச்சான்றிதழை மடித்து டேஷ்போர்டில் வைத்துவிடுகின்றனர். நானும் அவ்வாறே வைத்திருந்தேன்.