சேப்பாக்கமும் சிற்றுண்டியும்

மக்கள் திரளும் இடத்தில் உணவும் திரளும். திருவிழா நடைபெறும் ஊரிலும், சந்தை கூடும் திடலிலும், கூத்து நிகழும் களத்திலும் உண்பொருள் விற்போர் முன்னரே வந்து இடம்பிடித்து நிற்பர். பழந்தமிழ் நாட்டிலும் இவ்வழக்கம் இருந்தது. மாங்குடி மருதனார் இயற்றிய மதுரைக்காஞ்சி, பாண்டியர் தலைநகரின் கடைத்தெருக்களை வருணிக்கும்போது அங்கு விற்கப்பட்ட உணவு வகைகளையும் எடுத்துரைக்கின்றது. இக்காலத்தில் அத்தகைய பெருந்திரளை விளையாட்டு அரங்குகளின் வாயிலில் காணலாம். அத்திரளின் நடுவே பசியோடு நிற்பவன் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுகின்றது. நல்ல உணவு எங்கே கிடைக்கும்? கைப்பொருளுக்கு ஏற்ற விலையில் கிடைக்குமா?

இக்கேள்வி சிறிது எனத் தோன்றலாம். ஆனால், பல நாள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் நுழைவுச்சீட்டு வாங்கிய மாணவனுக்கு இது சிறிதன்று. எஞ்சிய சில ரூபாயை வாயிலருகே விலை மிகுந்த பண்டத்திற்குக் கொடுத்துவிட்டால், வீடு திரும்பும் பேருந்துக்குப் பணம் இராது. மலிவு என்று கருதிக் கெட்ட உணவை உண்டால், மறுநாள் உடல்நலம் இராது. ஒன்றும் உண்ணாது அமர்ந்தாலோ, ஆட்டத்தில் மனம் செல்லாது. ஆதலின், நல்லுணவைத் தேடியறிவதும் கற்கத்தக்க ஒரு திறமையே ஆகும்.

இத்திறமைக்குச் சென்னைச் சேப்பாக்கம் ஏற்ற பயிற்சிக்களமாகும். இந்தியாவின் தொன்மையான கிரிக்கெட் அரங்குகளுள் ஒன்று அங்கு உள்ளது. 1934-ஆம் ஆண்டில் அவ்வரங்கில் முதல் டெஸ்ட் ஆட்டம் நடைபெற்றது. 1952-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் இந்திய அணி டெஸ்ட் ஆட்டத்தில் தன் முதல் வெற்றியைப் பெற்றதும் அங்கேயே. பின்னாளில் பொங்கல் திருநாளை ஒட்டி அங்கு டெஸ்ட் ஆட்டம் நடைபெறுவது பல ஆண்டுகள் வழக்கமாய் இருந்தது. அந்நாளில் தயிர்ச்சோறும் புளியோதரையும் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு அரங்கிற்குச் சென்றவர் பலர். இக்காலத்தில் பெரிய ஆட்டங்களின்போது வெளியுணவையும் தண்ணீர்ப் புட்டியையும் உள்ளே கொண்டுசெல்லப் பெரும்பாலும் விடுவதில்லை. ஆகவே, வீட்டிலிருந்து வருவோரும் அரங்கிற்கு வெளியே உண்டு முடித்தே உள்ளே செல்ல வேண்டியவராகின்றனர்.

அரங்கின் கிழக்கே பறக்கும் ரயில் நிலையமும், பக்கிங்காம் கால்வாயும், அவற்றிற்கு அப்பால் மெரினாக் கடற்கரையும் உள்ளன. மேற்கிலும் தெற்கிலும் திருவல்லிக்கேணியின் தெருக்கள் விரிந்து கிடக்கின்றன. ஆட்டத்தன்று வாயிலை ஒட்டி நிற்கும் வண்டிகளில் விலை ஏறியிருப்பதைப் பலரும் கண்டிருப்பர். ஆனால், பத்து நிமிடம் நடந்து திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையை அடைந்தால், அங்குள்ள உணவுச் சாலைகளில் என்றும் உள்ள விலையே அன்றும் இருக்கும். இந்த வேறுபாட்டிற்குக் காரணம் யாது?

ஆட்டத்தன்று மட்டும் வருபவனிடம் விற்கும் வணிகர், அவனை மீண்டும் காண்பது அரிது. ஒரு மாலைப்பொழுதின் வருவாயே அவருக்குக் கணக்கு. திருவல்லிக்கேணியின் நிலைமை வேறு. வெளியூர்களிலிருந்து படிக்கவும் பணியாற்றவும் வந்த ஆடவர் பலர், அங்குள்ள 'மேன்ஷன்' எனப்படும் விடுதிகளில் நெடுங்காலமாகத் தங்கி வருகின்றனர். அவ்வறைகளில் அடுக்களை இல்லை. காலையும் மாலையும் அவர்கள் கடையிலேயே உண்ண வேண்டும். அவர்கள் பொருட்டுத் தோன்றியவையே அங்குள்ள மெஸ்களும் சிற்றுண்டிச் சாலைகளும். இன்று விலையைக் கூட்டினால் நாளை அவர்கள் அடுத்த கடைக்குச் சென்றுவிடுவர். இன்று சாம்பார் புளித்திருந்தால் நாளை காலை அதனை எல்லாரும் அறிவர். எனவே, நாளையும் வருபவன் உண்ணும் இடத்தில் இன்று மட்டும் வருபவனும் நம்பி உண்ணலாம். எந்த ஊரின் அரங்கிற்குச் சென்றாலும் பயன்படத்தக்க விதி இதுவே.

திருவல்லிக்கேணியின் உணவும் பலவகைப்பட்டது. 1948-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ரத்னா கஃபே, சாம்பாரில் மிதக்கும் இட்லிக்குப் பெயர் பெற்றது. பார்த்தசாரதி கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் பொங்கலும் வடையும் தோசையும் கிடைக்கும். வாலாஜா பள்ளிவாசல் அமைந்த பகுதியில் பிரியாணிக்கும் பரோட்டாவிற்கும் குறைவில்லை. கடற்கரைப் பக்கம் சென்றால், தேங்காயும் மாங்காயும் கலந்த பட்டாணிச் சுண்டலை விற்போர் எதிர்ப்படுவர்.

எளியவருக்கு நியாய விலையில் உணவுப்பொருள் கிடைக்க வேண்டும் என்னும் எண்ணமும் அப்பகுதிக்குப் புதிதன்று. இந்தியக் கூட்டுறவு இயக்கத்தில் முன்னோடியாகிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் 1904-ஆம் ஆண்டிலேயே அங்குத் தோன்றியது. நுகர்வோர் தாமே ஒன்றுகூடிப் பொருள் வாங்கி, சரியான எடையில், சரியான விலையில் பெறுதலே அதன் நோக்கம். நூறாண்டிற்குப் பின்னரும் அவ்வெண்ணம் மறையவில்லை. 2013-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சி தொடங்கிய அம்மா உணவகங்களில், அந்நாளில் இட்லி ஒரு ரூபாய்க்கும், தயிர்ச்சோறு மூன்று ரூபாய்க்கும், சாம்பார்ச்சோறு ஐந்து ரூபாய்க்கும் விற்கப்பட்டன.

விலை மலிவாயிருந்தால் மட்டும் போதாது; உணவு தூயதாகவும் இருத்தல் வேண்டும். அதனை அறியச் சில அடையாளங்கள் உள்ளன. உண்போர் இடைவிடாது வந்துபோகும் கடையில் பண்டம் தேங்கி நிற்பதில்லை. சமைத்த உணவு 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகை செல்சியசுக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் நெடுநேரம் இருந்தால் அதில் நோய்க்கிருமிகள் பெருகும். ஆதலின், ஆவி பறக்கும் இட்லி, ஆறிப்போன பிரியாணியினும் நன்று. காலையில் அரைத்த தேங்காய்ச் சட்டினியை மாலையில் தொடாதிருத்தல் நலம். கருத்துப்போன எண்ணெயில் பொரித்தவற்றை விலக்க வேண்டும். உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி வழங்கப்படும் 14 இலக்க எண் கடையில் எழுதப்பட்டுள்ளதா என்று பார்க்கலாம். சில்லறைக் கடையில் அடைத்து விற்கும் தண்ணீருக்கு அதன்மேல் அச்சிட்ட விலைக்கு மேல் கேட்டால், அது சட்டத்திற்கு மாறானது என்று பணிவுடன் எடுத்துச் சொல்லலாம்.

காலமறிதலும் இன்றியமையாதது. மெஸ்களில் நண்பகல் உணவு பிற்பகல் மூன்று மணி அளவில் முடிந்துவிடும். அதன்பின் சிற்றுண்டி தொடங்கும். இரவு ஏழரை மணி ஆட்டத்திற்குச் செல்வோர் நான்கு மணியளவில் திருவல்லிக்கேணியை அடைந்தால், கூட்டம் பெருகுமுன் அமர்ந்து உண்ணலாம். உண்டது செரிக்கவும், நிதானமாக அரங்கிற்கு நடக்கவும் நேரம் இருக்கும்.

சென்னை வெயிலில் உணவினும் நீரே முதன்மையானது. 1986-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் சேப்பாக்கத்தில் நடைபெற்று, வெற்றி தோல்வியின்றிச் சமனில் முடிந்த டெஸ்ட் ஆட்டத்தில், ஆஸ்திரேலிய வீரர் டீன் ஜோன்ஸ் 210 ஓட்டங்கள் எடுத்தார். வெம்மையால் அவர் உடலின் நீர் வற்றியது. ஆடுகளத்திலேயே வாந்தி எடுத்தார். பின்னர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். பயிற்சி பெற்ற வீரருக்கே இந்நிலை எனின், வெயிலில் அமரும் பார்வையாளர் எவ்வளவு எச்சரிக்கையாய் இருத்தல் வேண்டும்! உப்பிட்ட மோரும் இளநீரும் அதற்கு ஏற்றவை, விலையும் மிகுதியன்று.

உண்பவனுக்கும் கடமை உண்டு. நூற்றுக்கணக்கில் கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கியவன், சுண்டல் விற்கும் முதியவரிடம் இரண்டு ரூபாய்க்குப் பேரம் பேசுதல் அழகன்று. தெருவோர வணிகரின் பிழைப்பைக் காக்க 2014-ஆம் ஆண்டில் சட்டமே இயற்றப்பட்டுள்ளது. உண்ட இலையைத் தெருவில் எறிந்து செல்லுதலும் தகாது. அத்தெருவில் வாழ்வோர்க்கு ஆட்டம் முடிந்த பின்னும் அதுவே வீட்டு வாசல்.

வாயிலருகே கண்ணைக் கவரும் விளக்கொளியில் நிற்கும் முதற்கடையே சிறந்த கடை ஆகிவிடாது. சற்று முன்னதாகப் புறப்பட்டு, சற்று நடந்து, ஊரார் உண்ணும் இடத்தை உற்றுநோக்குபவன் குறைந்த பொருளில் நிறைந்த உணவைப் பெறுவான். பசியாறிய வயிற்றோடும், திரும்பிச் செல்லப் போதிய பணத்தோடும் அரங்கில் அமர்பவனுக்கே ஆட்டத்தின் இன்பம் முழுமையாய்க் கிட்டும்.