கூடிக் கற்றலும் விக்கிப் பக்கங்களும்

கல்வி என்பது ஆசிரியர் ஒருவர் சொல்ல, மாணவர் பலர் கேட்டு எழுதிக்கொள்ளுதலோடு முடிந்துவிடுவதன்று. 13-ஆம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், அந்நூலின் பொதுப்பாயிரத்தில், ஆசிரியர் உரைத்ததைச் செவ்வையாகக் கேட்டு மனத்துட் கொண்ட மாணாக்கனும் புலமையிற் காற்பங்கே பெறுவான் என்றும், உடன் பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு காற்பங்கும், கற்றதைப் பிறர்க்கு விரித்துரைத்தலால் எஞ்சிய அரைப்பங்கும் கைவரும் என்றும் வகுத்தார். இக்கணக்கை ஒப்புக்கொள்வோமாயின், நம் வகுப்பறைகளிற் பெரும்பாலும் நிகழ்வது முதற் காற்பங்கு மட்டுமே என்பதனையும் ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். எஞ்சிய முக்காற் பங்கிற்கு இக்காலத்துக் கணினியும் இணையமும் எவ்வாறு துணைபுரியக்கூடும் என்பதே யாம் ஈண்டு ஆராயப் புகுந்த பொருளாகும்.

பலர் கூடி ஒரு வினையைச் செய்தற்கு உதவும் மென்பொருள்கள் பல வகைப்படும். செய்தி பரிமாறுதற்கு அமைந்தவை சில. பாடக்குறிப்புகளை வழங்கவும், வினா விடைகளைத் திரட்டவும் அமைந்தவை வேறு சில. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தவரான மார்ட்டின் டூகியாமஸ் என்பார் ஆக்கி, 2002-ஆம் ஆண்டில் முதன்முறையாக முழுவடிவில் வெளியிட்ட மூடில் என்பது பின்னதற்கு எடுத்துக்காட்டாம். நம் மாணவருள் வாட்ஸப் குழு ஒன்றிலேனும் சேராதாரைக் காண்டல் அரிது. ஆயினும், ஒருவர் எழுதிய குறிப்பை நாற்பதின்மர் படியெடுத்துக்கொள்ளுதல் கூடிக் கற்றல் ஆகாது. அது பங்கிட்டுக்கொள்ளுதலே ஆம். கூடிக் கற்றலாவது, ஒருவர் எழுதியதை மற்றொருவர் படித்து, ஐயுற்று, வினவி, திருத்தி, அத்திருத்தத்திற்குக் காரணமும் கூறி, அதனால் இருவரும் முன்னிலும் தெளிவடைதல். இதற்குப் பெரிதும் இயைந்த கருவி விக்கி என்பது எமது கருத்து.

விக்கியை முதன்முதல் ஆக்கியவர் வார்டு கன்னிங்ஹாம் என்னும் அமெரிக்கர், ஆண்டு 1995. 'விக்கி' என்பது ஹவாய்த் தீவினர் மொழியில் 'விரைவு' எனப் பொருள்படும். விக்கிப் பக்கத்தைப் படிப்போரே அதனைத் திருத்தவும் கூடும். திருத்துந்தோறும் பழைய வடிவம் அழியாது காக்கப்படும். யார், எந்நாளில், எச்சொல்லை நீக்கி எச்சொல்லை அமைத்தார் என்பதனைப் பக்கத்தின் வரலாறு காட்டும். ஒவ்வொரு பக்கத்திற்கும் இணையாக உரையாடற் பக்கம் ஒன்று உண்டு. கருத்து வேறுபட்டோர் ஆண்டு வழக்காடி முடிவு காண்பர். 2001-ஆம் ஆண்டில் தோன்றிய விக்கிப்பீடியா என்னும் கலைக்களஞ்சியம் இம்முறையிலேயே வளர்ந்தது.

இனி, இக்கருவியைப் பல்கலைக்கழக வகுப்பொன்று கையாண்ட வரலாற்றைக் கூறுவாம். கனடா நாட்டு வான்கூவர் நகரிலுள்ள பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் லத்தீன் அமெரிக்க இலக்கியம் கற்பித்த ஜான் பீஸ்லி-மர்ரே என்னும் ஆசிரியர், 2008-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தம் மாணவர்க்கு வழக்கமான கட்டுரைக்கு மாறாக வேறொரு பணியை விதித்தார். மாணவர் சிறு குழுக்களாகப் பிரிந்து, தாம் பயிலும் நாவல்களையும் அவற்றின் ஆசிரியர்களையும் பற்றி ஆங்கில விக்கிப்பீடியாவிற் கட்டுரை எழுதுதல் வேண்டும். கட்டுரை ஆண்டுள்ள தன்னார்வலரின் ஆய்வில் 'நல்ல கட்டுரை' என்னும் தகுதி பெறின் உயர்ந்த மதிப்பும், 'சிறப்புக் கட்டுரை' என்னும் முதன்மைத் தகுதி பெறின் அதனினும் உயர்ந்த மதிப்பும் அளிப்பதாக அவர் உறுதி கூறினார். ஆகவே, தீர்ப்பளிப்போர் ஆசிரியரைத் தவிர, மாணவர் முகமறியாத அயலாரும் ஆயினர்.

பயன் யாது? அப்பருவ முடிவில் மூன்று கட்டுரைகள் சிறப்புக் கட்டுரைகளாகவும், எட்டுக் கட்டுரைகள் நல்ல கட்டுரைகளாகவும் ஏற்கப்பெற்றன. குவாத்தமாலா நாட்டு மிகேல் ஆங்கெல் அஸ்தூரியாஸ் 1946-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'எல் செனோர் பிரெசிதென்தே' என்னும் நாவலைப் பற்றியது சிறப்புக் கட்டுரைகளுள் ஒன்று. பெரு நாட்டு எழுத்தாளர் மாரியோ வார்காஸ் யோசாவைப் பற்றியது மற்றொன்று. 2010-ஆம் ஆண்டில் வார்காஸ் யோசா நோபெல் பரிசு பெற்றபொழுது, அவரை அறிய விரும்பினோர் நாடிய பக்கத்தை இரண்டாண்டுகட்கு முன்னரே செப்பஞ்செய்து வைத்திருந்தோர் கல்லூரி மாணவர்! வழக்கமான கட்டுரையை ஆசிரியர் ஒருவரே படிப்பர். மதிப்பெண் இட்டபின் அது பரணுக்குச் செல்லும். பலர் படிப்பர் என்பதறிந்து எழுதுவோனோ, சான்று தேடி நூலகம் புகுவான். சொல்லை எடையிட்டு வைப்பான். ஒருமுறை எழுதியதைப் பன்முறை திருத்துவான்.

நிற்க. இதற்கு மறுதலையான வரலாறு ஒன்றும் உண்டு. அதனை மறைத்தல் நேர்மையாகாது. 2011-ஆம் ஆண்டில் விக்கிமீடியா நிறுவனம் நம் நாட்டுப் புனே நகரக் கல்லூரிகள் சிலவற்றில் இத்தகைய திட்டமொன்றைத் தொடங்கிற்று. மாணவர் பெருந்தொகையினராய்ச் சேர்ந்தனர். ஆனால், அவருட் பலர் நூல்களிலும் இணையத்திலும் கண்டவற்றைச் சொல் மாறாது எடுத்தெழுதினர். பதிப்புரிமைக்கு மாறான அப்பகுதிகளைத் தேடி நீக்குதல் தன்னார்வலர்க்குப் பெருஞ்சுமையாயிற்று. அவ்வாண்டிலேயே திட்டம் நிறுத்தப்பட்டது.

கருவி ஒன்றே, விளைவு இரண்டாயதற்குக் காரணம் யாது? வான்கூவரில் வகுப்பு ஒன்று. ஆசிரியர் தாமே விக்கியில் எழுதிப் பழகியவர். தேர்ந்த தன்னார்வலர் சிலர் தாமாக முன்வந்து மாணவர்க்குத் துணை நின்றனர். புனேயிலோ மாணவர் மிகப் பலர். வழிகாட்டியோருள்ளும் பலர் அப்பணிக்குப் புதியவர். இவற்றினும் ஆழ்ந்த காரணம் ஒன்று உண்டென்று யாம் எண்ணுகின்றோம். பாடநூலில் உள்ளவாறே விடையெழுதியவனுக்கு மிகுதியான மதிப்பெண் அளித்துப் பன்னிரண்டு ஆண்டுகள் பழக்கியவர் ஆசிரியராகிய நாமே. அப்பழக்கத்தோடு பொதுப்பக்கத்திற்கு வந்தவனை, 'நீ திருடினாய்' என்கின்றோம். பிறர் கருத்தைத் தன் சொல்லால் உரைப்பது எங்ஙனம், அதற்குச் சான்று காட்டுவது எங்ஙனம் என்பனவற்றை முன்னரே கற்பியாது கருவியை மட்டும் கையிற் கொடுத்தல், நீந்தக் கல்லாதானை ஆற்றில் இறக்குவது போலாம்.

'குழுவாக எழுதினால் ஒருவன் உழைக்க நால்வர் உறங்குவரே' என்பார் உளர். மெய்யே. ஆயினும், காகிதத்தில் எழுதிய குழுக் கட்டுரையில் உறங்கியோனைக் கண்டறிதல் அரிது; விக்கியிலோ ஒவ்வொருவர் பணியும் பக்க வரலாற்றிற் பதிந்திருக்கும். ஆனால் திருத்தங்களை எண்ணி மதிப்பெண் இடுதல் தவறு. நூறு முறை காற்புள்ளி மாற்றியவனினும், ஒருமுறை பிழையான செய்தியைக் கண்டு நீக்கியவன் சிறந்தவன். வகுப்பில் வாய்திறக்க நாணும் மாணவி, உரையாடற் பக்கத்தில் அமைதியாக ஐயம் எழுப்பக்கூடும் என்பதும் கருதத்தக்கது. வினவிய அளவிற் கட்டுரை வரைந்து தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வந்துவிட்ட இந்நாளில் இம்முறை பயனற்றதன்றோ எனின், அன்று. பத்தி ஒன்றை இயந்திரம் எழுதித் தரலாம். 'இதற்குச் சான்று எங்கே?' எனத் தோழன் வினவுங்கால், நூலை விரித்துப் பக்கங் காட்டவேண்டியவன் மாணவனே.

நம் கல்லூரிக்கு இவை புறம்பானவை அல்ல. தமிழ் விக்கிப்பீடியா 2003-ஆம் ஆண்டு முதல் வளர்ந்துவருகின்றது. 2010-ஆம் ஆண்டில் கோவையில் நிகழ்ந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டினையொட்டித் தமிழ்நாட்டுக் கல்லூரி மாணவர்க்கென அதற்குரிய கட்டுரைப் போட்டியும் நடத்தப்பெற்றது. எனினும், தமிழில் எழுதப்படாத பொருள்கள் இன்னும் எத்துணையோ! யாம் வேண்டுவது பெருந்திட்டம் அன்று. ஒரு வகுப்பு, நால்வர் கொண்ட சில குழுக்கள், குழுவிற்கு ஒரு பொருள், ஒரு பருவம், இவை போதும். முதற்கண் கல்லூரிக்குள்ளேயே அமைந்த விக்கியில் எழுதிப் பழகுக; ஒரு குழு எழுதியதை மற்றொரு குழு ஆராய்க; குற்றம் நீங்கியபின் பொதுப்பக்கத்திற்குச் செல்க. ஆசிரியரும் மாணவரோடு அமர்ந்து எழுதுவாராக. தம் எழுத்தும் திருத்தப்படுதலைக் கண்டு சினவாதிருப்பாராக.

மாணவர்காள்! பெற்ற தாலந்தை நிலத்திற் புதைத்து வைத்த ஊழியனின் கதையை நம் சிற்றாலயத்திற் பலமுறை கேட்டிருக்கின்றீர்கள். தேர்வுக்கென்று கற்றுத் தேர்வோடு மறப்பதும் அத்தகைய புதைப்பே. கற்றதை உடன் பயில்வாரோடு ஆராய்ந்து, அறியாதார்க்கு விளங்க எழுதிவைப்பீராயின், பவணந்தியார் வகுத்த எஞ்சிய முக்காற் பங்கும் உங்கட்கு உரியதாகும்.