சூத்திரம் கடைசியில் வரட்டும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஏழாம் வகுப்பு அறிவியலில் நிறை, கனஅளவு, அடர்த்தி மூன்றையும் இரண்டு பீரியடில் முடித்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். முடிக்கலாம். நிறையைக் கனஅளவால் வகுத்தால் அடர்த்தி என்று கரும்பலகையில் எழுதி, மூன்றையும் ஒரு முக்கோணத்துக்குள் அடைத்துக் காட்டி, நான்கு கணக்குப் போட்டுக்கொடுத்தால் பாடம் முடிந்தது. பிள்ளைகளும் சரியாகவே போடுவார்கள். ஆனால் அவர்கள் போடுவது வெறும் வகுத்தல் கணக்கு. மேலே இருப்பது நிறையாக இல்லாமல் தூரமாக இருந்தாலும், கீழே கனஅளவுக்குப் பதில் நேரம் இருந்தாலும் அதே மாதிரிதான் போட்டிருப்பார்கள். சூத்திரத்தைக் கொடுக்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடைசியில் கொடு என்கிறேன். அதற்கு என்ன காரணம், அதற்கு முன்னால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லத்தான் இந்த நீளமான கடிதம்.

ஒரு கிலோ இரும்பா, ஒரு கிலோ பஞ்சா, எது கனம் என்ற பழைய கேள்வியில் பிள்ளைகள் ஏன் விழுகிறார்கள்? கவனக்குறைவு என்று நாம் சிரித்துவிட்டுப் போகிறோம். கவனக்குறைவு அல்ல அது. இரும்பு கனம் என்று ஒரு பிள்ளை சொல்லும்போது, கையில் இருக்கும் துண்டு எவ்வளவு நிறை என்பதையும், இரும்பு என்ற பொருள் எப்படிப்பட்டது என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறது. அதன் மனதில் அவை இன்னும் இரண்டாகப் பிரியவில்லை. கரோல் ஸ்மித், சூசன் கேரி, மரியான் வைசர் மூவரும் 1985இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் எடுத்துக்காட்டியது: சிறு பிள்ளைகளிடம் எடையும் அடர்த்தியும் தனித்தனிக் கருத்துகளாக இல்லை, பிரியாத ஒரே கருத்தாக இருக்கின்றன. ஆகவே உன் வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அடர்த்தி பற்றி ஒன்றும் தெரியாது என்று நினைக்காதே. தெரிந்திருக்கிறது, ஆனால் எடையோடு குழம்பிக் கிடக்கிறது. சூத்திரம் இந்தக் குழப்பத்தைத் தொடுவதே இல்லை. பிரிந்து நிற்கும் இரண்டு அளவுகளை எடுத்துக்கொண்டுதான் அது வேலையைத் தொடங்குகிறது. பிரிக்கும் வேலை நம்முடையது.

முதலில் நிறையைப் பார். ஒரு சின்னத் தெர்மாகோல் துணுக்குக்கு எடையே கிடையாது என்று பல பிள்ளைகள் உறுதியாக நம்புகிறார்கள். கையில் உறுத்தாதது எதுவும் அவர்களுக்கு எடையற்றது. இந்த நம்பிக்கை இருக்கும்வரை, ஒரு பொருளை எத்தனை துண்டாக வெட்டினாலும் அடர்த்தி மாறாது என்பது அவர்களுக்கு வெறும் மந்திரம்தான். சமையலறைத் தராசில் ஓர் அரிசியை வைக்கச் சொல். முள் அசையாது, எண்ணும் மாறாது. பிறகு ஆயிரம் அரிசியை எண்ணி வைக்கட்டும். ரகத்தைப் பொறுத்து பதினைந்து, இருபது கிராம் காட்டும். எடையே இல்லாத ஆயிரம் பொருள்கள் சேர்ந்து எப்படி இருபது கிராம் ஆயின என்று கேட்டுவிட்டு, நீ சும்மா இரு. பதில் அவர்களிடமிருந்தே வரும். நிறைக்கும் எடைக்கும் உள்ள வேறுபாட்டை இந்த இடத்தில் இழுத்துவந்து நிலாவுக்குப் போய்த் திரும்பாதே. அதற்கு வேறொரு நாள் இருக்கிறது.

கனஅளவுதான் கடினம். நாம் அதை எளிது என்று நினைத்து ஓடிவிடுகிறோம். களிமண் உருண்டையைத் தட்டையாக்கினால் களிமண்ணின் அளவு மாறவில்லை என்பதைப் பிள்ளைகள் முதலில் ஒப்புக்கொள்கிறார்கள், எடை மாறவில்லை என்பதை அடுத்து, அது அடைத்துக்கொள்ளும் இடம் மாறவில்லை என்பதைக் கடைசியாக, ஏறக்குறையப் பதினொன்று பன்னிரண்டு வயதில்தான் என்று பியாஜேயும் இன்ஹெல்டரும் கண்டார்கள். அந்த வயதுக் கணக்கைப் பின்னால் வந்தவர்கள் கேள்வி கேட்டிருக்கிறார்கள். எனக்கு வயது முக்கியமில்லை, வரிசைதான் முக்கியம். உன் வகுப்பில் பாதிப் பேருக்குக் கனஅளவு இன்னும் உறுதிப்படாத கருத்து என்று வைத்துக்கொண்டே தொடங்கு. கோலிக்குண்டு ஒன்றும், அதே அளவுள்ள பேரிங் குண்டு ஒன்றும் எடுத்துக்கொள். 16 மில்லிமீட்டர் விட்டம் என்றால் கண்ணாடிக் கோலி ஐந்து கிராம் சொச்சம், எஃகுக் குண்டு பதினேழு கிராம் அளவில் இருக்கும். அளவுச்சாடியில் எது தண்ணீரை அதிகம் உயர்த்தும் என்று முதலில் நோட்டில் எழுதச் சொல். கனமானதுதான் அதிகம் உயர்த்தும் என்று பலர் எழுதுவார்கள். இரண்டுமே இரண்டு மில்லிலிட்டர்தான் உயர்த்தும். எழுதவைக்காமல் செய்துகாட்டினால் எல்லாரும் தமக்கு முன்பே தெரியும் என்பார்கள், அதனால் எழுதுவதை மட்டும் விட்டுவிடாதே.

இன்னொன்று: ஒரே ஒரு கோலியைப் போட்டு அளக்காதே. ஒரு மில்லிலிட்டர் கோடு போட்ட சாடியில் இரண்டு மில்லிலிட்டரை அளந்தால் அரை மில்லிலிட்டர் பிசகே கால்வாசி ஆகிவிடும். பத்துக் கோலி போட்டால் 21 மில்லிலிட்டர் வரும், பிசகு அமுங்கிப்போகும். ஆர்க்கிமிடீசின் கிரீடக் கதையைச் சொல்லும்போதும் இது நினைவில் இருக்கட்டும். அந்தக் கதையை நமக்கு எழுதிவைத்தவர் அவருக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டு பின்னால் வந்த விட்ருவியஸ். ஒரு கிலோ கிரீடத்தில் முந்நூறு கிராம் வெள்ளி கலந்திருந்தாலும், சுத்தத் தங்கத்தைவிட அது 13 கன சென்டிமீட்டர்தான் கூடுதலாக இடம் அடைக்கும். இருபது சென்டிமீட்டர் அகலப் பாத்திரத்தில் அதனால் உயரும் நீர்மட்டம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. கலிலியோ 1586இல் எழுதிய சிறு நூலில், கிரீடத்தைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டுத் தராசில் நிறுத்திருக்க வேண்டும் என்று வாதிட்டது இதனால்தான். கதையைச் சொல், ஆனால் கணக்கையும் சேர்த்துச் சொல். அதைக் கேட்ட பிள்ளை அடுத்த முறை சாடியின் கோட்டைக் கண்மட்டத்தில் வைத்துப் பார்க்கும்.

இரண்டும் பிரிந்தபிறகு மறுபடியும் இணைக்க வேண்டும், அங்கேதான் விகிதம் வருகிறது. ஐந்து, பத்து, பதினைந்து, இருபது கோலிகளின் நிறையையும் கனஅளவையும் அளந்து வரைபடத் தாளில் குறிக்கச் சொல். புள்ளிகள் ஒரு நேர்கோட்டில் வரும், கோடு ஆதிப்புள்ளி வழியே போகும். போகாவிட்டால் பாத்திரத்தின் நிறையைக் கழிக்க மறந்திருக்கிறார்கள். எஃகுக் குண்டுகளின் கோடு இதைவிடச் செங்குத்தாக ஏறும். இந்தச் சரிவை ஒரே எண்ணால் எப்படிச் சொல்வது என்று கேள். பிடி கிடைக்காதவர்களுக்குப் பேருந்தைக் காட்டு: பெரிய பேருந்தில் நாற்பது பேர், மினி பஸ்ஸில் இருபத்தைந்து பேர், எதில் நெரிசல் அதிகம்? டேனியல் ஷ்வார்ட்ஸும் அவருடைய குழுவினரும் 2011இல் வெளியிட்ட ஆய்வில் அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இப்படித்தான் பேருந்துகளில் கோமாளிகளை ஏற்றிக் கொடுத்தார்கள். ஒரு குழுவுக்குச் சூத்திரத்தை முதலிலேயே சொல்லிவிட்டார்கள். இன்னொரு குழுவை நெரிசலுக்கு ஓர் எண்ணைத் தாமே கண்டுபிடிக்க வைத்து, பிறகுதான் விளக்கினார்கள். வழக்கமான கணக்குகளில் இரு குழுவும் ஏறக்குறையச் சமம். ஆனால் சுருள்வில்லின் விறைப்பு போன்ற புது இடத்தில் அதே விகிதச் சிந்தனையைக் கொண்டுபோனவர்களில் அதிகம் பேர் இரண்டாவது குழுவினர்.

ஆர்க்கிமிடீசுக்கே பெயர் வாங்கித்தந்த விஷயத்தை ஏழாம் வகுப்புப் பிள்ளை தானாகக் கண்டுபிடிக்குமா என்று நீ கேட்பாய். கண்டுபிடிக்காது, அதை யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. அந்த ஆய்விலும் பிள்ளைகளைக் காட்டில் விட்டுவிடவில்லை. கவனமாகத் தேர்ந்த உதாரணங்களைக் கையில் கொடுத்தார்கள், முடிவில் விளக்கமும் சொன்னார்கள். விளக்கத்துக்கு இடம் பிடித்துவைப்பதுதான் முன்னால் நடக்கும் திண்டாட்டத்தின் வேலை.

பேருந்துப் படத்தை ஓர் அளவுக்கு மேல் நம்பாதே. பல புத்தகங்களில் புள்ளிகள் நெருக்கமாக இருந்தால் அடர்த்தி அதிகம், விலகியிருந்தால் குறைவு என்று இரண்டு கட்டங்களைப் போட்டு முடித்துவிடுகிறார்கள். ஈயத்துக்கும் தங்கத்துக்கும் அது பொருந்தும். ஈய அணு தங்க அணுவைவிடச் சற்று நிறை அதிகம், ஆனாலும் ஈயத்தின் அடர்த்தி 11.3, தங்கத்துக்கோ 19.3. தங்க அணுக்கள் நெருங்கி அடுக்கியிருப்பதே காரணம். அலுமினியத்துக்கு வா. அதன் அடர்த்தி 2.7தான். ஆனால் ஒரு கன சென்டிமீட்டரில் உள்ள அணுக்களின் எண்ணிக்கை தங்கத்திலும் அலுமினியத்திலும் ஏறக்குறைய ஒன்றே! அலுமினியத்தில் ஒரு துளி அதிகம்கூட. நெரிசல் ஒன்றுதான், ஏறியிருக்கும் ஆள்தான் ஏழு மடங்கு கனம். பிள்ளைகளுக்கு அணு நிறையெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. நெருக்கம் மட்டுமே அடர்த்தி என்று நீ வாய்தவறிச் சொல்லாமல் இருந்தால் போதும், ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர் உன்னை வாழ்த்துவார்.

மிதப்பதும் மூழ்குவதும்தானே பிள்ளைகளுக்குப் பிடிக்கும், அதிலிருந்து ஏன் தொடங்கக்கூடாது என்று கேட்பவர்கள் உண்டு. பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் மிதத்தலில் பொருளின் அடர்த்தி, திரவத்தின் அடர்த்தி, வடிவம், உள்ளே அடைபட்ட காற்று, ஊசி விஷயத்தில் பரப்பு இழுவிசை என்று ஐந்தாறு சங்கதிகள் ஒன்றாகக் கிடக்கின்றன. ஆணி மூழ்குகிறது, கப்பல் மிதக்கிறது என்று காட்டினால், அதிலிருந்து அடர்த்தியைத் தனியே உருவி எடுக்க ஏற்கெனவே அடர்த்தி தெரிந்திருக்க வேண்டும். தெரியாத பிள்ளை அந்த வகுப்பிலிருந்து வடிவம்தான் காரணம் என்று முடிவுகட்டிக்கொண்டு போகும். மிதத்தல் அடர்த்திக்கு அடுத்த பாடமாக வரட்டும்.

பாடத்தை முடிக்க வேண்டும், தேர்வு வருகிறது, அளவுச்சாடி உடைந்துகிடக்கிறது என்பாய். சாடிக்குப் பதில் மருந்துப் புட்டியோடு வரும் அளவு மூடியும் ஊசியில்லாத சிரிஞ்சும் போதும். நேரம் மெய்யான இடைஞ்சல்தான். இந்த முறைக்கு இரண்டு பீரியட் போதாது, ஆறு வேண்டும். அந்த நான்கை ஈடுகட்ட, இதே புத்தகத்தில் நீ வாசித்துக்காட்டும் பாடங்களில் சிலவற்றைப் பிள்ளைகளே படித்துக்கொள்ளட்டும். ட்யூஷனில் சூத்திரம் கற்றுவந்த பிள்ளை கையைத் தூக்கினால் திட்டாதே. கோலி அளவுக் குண்டுகளின் கேள்விக்கு அந்தப் பிள்ளையும் நோட்டில் விடை எழுதட்டும், சூத்திரம் அங்கே எவ்வளவு உதவுகிறது என்று அதற்கே தெரிந்துவிடும்.

சூத்திரம் வந்தபிறகு வெளியே பார்க்கச் சொல். உப்புக்கரைசலில் விதைநெல் தேர்வதைப் பார்த்த பிள்ளைகள் உன் வகுப்பில் இருக்கலாம். நல்ல முட்டை மேலே 25 காசு அளவுக்குத் தலைகாட்டும் வரை உப்பைக் கரைத்து, நெல்லைக் கொட்டி, மிதப்பதை அரித்தெடுத்துவிட்டு, மூழ்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவி விதைக்கிறார்கள். நெல்மணிகள் பார்வைக்கு ஏறக்குறைய ஒரே அளவு, உள்ளே நிறைந்திருப்பதுதான் வேறு. ஒரு மணியின் நிறையையோ கனஅளவையோ யாரும் அளக்கவில்லை, ஆனாலும் விகிதம் ஒப்பிடப்பட்டுவிட்டது. பாலில் விடும் லாக்டோமீட்டர் இதைவிட ருசியானது. பாலின் அடர்த்தி 1.03க்கு அருகில். தண்ணீர் ஊற்றினால் குறையும், ஆடையை எடுத்துவிட்டால் கூடும். இரண்டையும் அளவாகச் செய்தவரை லாக்டோமீட்டர் மட்டும் வைத்துப் பிடிக்க முடியாது, அதனால்தான் கொழுப்பையும் தனியே சோதிக்கிறார்கள். அடர்த்தி ஓர் எண்தான், அதற்குப் பின்னால் பல கலவைகள் ஒளிந்திருக்க முடியும் என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

தேர்வுத்தாளில் எண் இல்லாத ஒரு கேள்வியைக் கட்டாயம் வை. இரும்புக் கம்பி ஒன்றைச் சரிபாதியாக வெட்டினால் ஒரு துண்டின் நிறை, கனஅளவு, அடர்த்தி என்ன ஆகும், ஏன்? மூன்றும் பாதியாகும் என்று எழுதியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார். நாலைந்து பேருக்கு மேல் இருந்தால் மிதத்தல் பாடத்துக்குப் போகாதே, மறுபடியும் கோலியையும் வரைபடத் தாளையும் எடு. அந்த விடைத்தாள்களில் சிலவற்றை எனக்கும் அனுப்பு, பார்க்க ஆசை.

அன்புடன்,
மாமா