வாட்டம்

அன்பு மகளுக்கு,

கிரீஸ் கையோடு நீ அடுப்படிக்குள் நுழைந்ததும் உன் அம்மா போட்ட சத்தம் போனில் எனக்கே கேட்டது. கார் ஷெட்டில் தனியாக ஒரு சிங்க் வைக்கப் போகிறாய் என்றாய். நல்ல காரியம். ஆனால் நீ அனுப்பிய படத்தில் தண்ணீர் வரும் குழாய்க்கு மூன்று கோடு இருக்கிறது. கழிவுநீர் போக ஒரு கோடுகூட இல்லை.

தண்ணீரைக் கொண்டுவருவது பெரிய வேலை இல்லை. மாடித் தொட்டி தள்ளிவிடும். குழாயை எந்தப் பக்கம் வளைத்தாலும் வந்து சேரும். வெளியே போகிற தண்ணீரைத் தள்ளத்தான் ஆள் கிடையாது. சரிவு இருந்தால் போகும், இல்லையென்றால் நிற்கும். கொத்தனார்கள் இந்தச் சரிவைத்தான் ‘வாட்டம்’ என்பார்கள். ஒன்றரை அங்குலக் குழாய்க்கு அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் வேண்டும். உங்கள் ஷெட் மூலையிலிருந்து கழிவுநீர்ச் சேம்பர் 12 அடி என்றால் 3 அங்குலம் இறங்க வேண்டும். அந்த 3 அங்குலம் கிடைக்காவிட்டால் சிங்க்கைச் சேம்பர் பக்கம் நகர்த்து.

நான் என் வீட்டில் கண்ணளவை நம்பிக் குழாய் போட்டேன். நடுவில் கிளாம்ப் அடிக்கவும் சோம்பல். குழாய் தொய்ந்து, தொய்ந்த இடத்தில் மணலும் சோப்பும் சேர்ந்து, மூன்றே மாதத்தில் அடைத்துக்கொண்டது. ஒட்டிய குழாயை அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. மட்டம் பார்க்க, கொத்தனார் வைத்திருக்கும் உள்ளே தெரிகிற டியூப் போதும். அதில் தண்ணீர் ஊற்றி இரண்டு முனையையும் சுவரில் பிடித்தால் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் நிற்கும். அங்கே பென்சிலால் குறித்து, கீழ்முனையில் 3 அங்குலம் இறக்கிக்கொள்.

சிங்க்குக்கு அடியில் ட்ராப் கட்டாயம். லண்டனில் கடிகாரம் செய்துவந்த அலெக்சாண்டர் கம்மிங் 1775இல் கழிப்பறைக்காகக் காப்புரிமை வாங்கிய எஸ் வளைவுதான் இதற்கு மூத்தது. வளைவில் தங்கும் இரண்டு அங்குலத் தண்ணீர்தான் சாக்கடை நாற்றத்துக்கும் கரப்பானுக்கும் கதவு. நீ ஹாஸ்டலில் இருக்கும் கோடை நாட்களில் அது வற்றிவிடும். வாரம் ஒரு மக் தண்ணீர் ஊற்றும்படி அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போ. அடிமூடியைக் கழற்றிக் கழுவும்படியான பாட்டில் ட்ராப்பாக வாங்கு. உன் கையில் ஒட்டும் மண்ணுக்கு அதுதான் தோது.

இன்னொன்று. ஷெட்டுக்குப் பக்கத்திலேயே மழைநீர் சேகரிப்புக் குழி இருக்கிறது. 2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் அதைக் கட்டாயமாக்கியபோது உன் அப்பா வெட்டியது. பிளம்பர் ‘கிட்டத்தில்தானே இருக்கு’ என்று சிங்க் குழாயை அதில் விடப் பார்ப்பார். விடாதே. சோப்புத் தண்ணீர் நேரே நிலத்தடிக்கு இறங்கி உங்கள் கிணற்றுக்கே வரும். ஸ்கூட்டரிலிருந்து வடித்த பழைய ஆயில் சிங்க்கிலும் போகக் கூடாது, குழியிலும் போகக் கூடாது. கேனில் பிடித்து மெக்கானிக்கிடம் கொடு.

சிங்க்கின் மேல்விளிம்பு தரையிலிருந்து 32 அங்குலம் இருக்கட்டும். உன் உயரத்துக்குக் குனிய வேண்டியிருக்காது. குழாய் மரைக்கு டெஃப்ளான் டேப்பை மரை இறுகும் திசையிலேயே சுற்று. எதிர்த் திசையில் சுற்றினால் முறுக்கும்போது பிரிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், டியூப் என்னிடம் இருக்கிறது. அதற்குள் சேம்பர் மூடியைத் திறந்து, தரையிலிருந்து எத்தனை அங்குல ஆழத்தில் குழாயை இணைக்க முடியும் என்று அளந்து எழுதி வை.

அன்புடன்,
சித்தப்பா