பழி வந்த இல்லம்

கொலை செய்தவன் ஒருவன். ஆனால் மறுநாட் காலையில் தெருவில் தலைகுனிந்து நடப்பவர்கள் அவனைப் பெற்றவளும், அவன் கைப்பிடித்தவளும், உடன்பிறந்தாரும், மக்களுமே ஆவர். செய்தவன் காவலில் இருக்கிறான். அவனுக்குச் சட்டம் வழக்கறிஞரைத் தருகிறது. சிறை வேளைக்கு உணவு தருகிறது. வீட்டார்க்கு யார் எதைத் தருகிறார்கள்? கொலையுண்டவர் இல்லத்திற்குச் சென்று துக்கம் கேட்கும் முறையை நாம் சிறு வயதிலேயே கற்றுக்கொள்கிறோம். கொன்றவன் இல்லத்திற்குச் செல்லும் முறையை நமக்கு எவரும் கற்பித்ததில்லை. அதனையே இப்பாடத்தில் ஆராய முற்படுகிறோம்.

பழவேற்காட்டு ஏரிக்கரையின் மீனவக் குப்பங்களை மனத்திற்கொண்டே இதனை எழுதுகிறோம். அம்மக்களின் தொழில் நம் அணுவிரதங்களுக்கு ஒவ்வாதது என்று வாசகர் நினைக்கலாம். உண்மையே. ஆயினும் ஹிம்சையை ஆரம்பம், உத்யோகம், விரோதம், சங்கல்பம் என நான்காக வகுத்த நம் ஆசிரியர்கள், வயிற்றுப்பாட்டுக்காக நேர்வதையும் கொல்லவேண்டும் என்றே எண்ணிக் கொல்வதையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. இங்கு நாம் பேசுவது நான்காவதைப் பற்றி. அது எந்தத் தொழில் செய்வோர் வீட்டிலும், வணிகர் வீட்டிலும், ஆசிரியர் வீட்டிலும் நிகழக்கூடியது.

நகரத்தில் இத்தகைய பழி நேர்ந்தால் வீட்டை மாற்றிக்கொண்டு வேறு பேட்டைக்குப் போய்விடலாம். குப்பத்தில் அது இயலாது. ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், எவர் வலையிடுவது என்பதைப் ‘பாடு’ என்னும் முறைப்படி ஊரார் பகிர்ந்துகொள்கிறார்கள். பல தலைமுறைகளாக வழங்கிவரும் ஏற்பாடு அது. அந்த முறை ஊரோடு சேர்ந்தது. ஊரை விட்டால் முறையும் போயிற்று. படகு, வலை, கடன், உறவு எல்லாம் அந்த ஒரே மணல்மேட்டில்தான். வெட்டியவன் வீடும் வெட்டுண்டவன் வீடும் பத்து வீடு இடைவெளியில் இருக்கும். இரு வீட்டுப் பெண்களும் ஒரே குழாயடிக்குக் குடத்துடன் வந்தாகவேண்டும்.

வினை செய்தவனையே சாரும், பிறர் அதனைப் பங்கிட்டுக்கொள்ள இயலாது என்பது நம் சமயத்தின் அடிப்படை. தந்தையின் தீவினை மகனை ஒட்டாது. மகனுடையது தாயை ஒட்டாது. நாட்டின் குற்றவியற் சட்டமும் இதனையே சொல்கிறது. ஆனால் ஊர் இவ்விரண்டையும் ஏற்பதில்லை. ‘அந்த வீட்டுப் பிள்ளை’ என்ற மூன்று சொற்களில் வீடு முழுவதற்கும் தண்டனை எழுதிவிடுகிறது.

இதற்கு நம் மாநிலத்திலேயே அனைவரும் அறிந்த ஒரு வழக்கு உண்டு. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் முன்னாள் பிரதமர் இராஜீவ் காந்தியும், அவரருகே நின்ற காவலர் முதலிய பலரும் குண்டு வெடித்து மாண்டனர். 1998 சனவரியில் தனி நீதிமன்றம் 26 பேர்க்கும் மரண தண்டனை விதித்தது. அந்த 26 பேரில் நளினி, அவர் தாயார் பத்மா, தம்பி பாக்கியநாதன் என ஒரே குடும்பத்தினர் மூவர் இருந்தனர். 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் 19 பேரைக் கொலைக்குற்றத்தினின்று விடுவித்தது. தாயும் தம்பியும் அவர்களுள் அடங்குவர். எட்டு ஆண்டுகள் கடந்துவிட்டன. செவிலியராகப் பணிபுரிந்த அத்தாய் வெளியே வந்தபோது மகள் தூக்குத் தண்டனைக் கைதியாக உள்ளே இருந்தார். நளினிக்குச் சிறையிலேயே 1992இல் பிறந்த பெண் குழந்தை, தாய் தந்தை இருவரும் சிறையிலிருக்க, உறவினரிடம் வளர்ந்தது. நளினியின் தண்டனை 2000இல் ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது.

அதே வழக்கில் மற்றொரு தாய் அற்புதம்மாள். சோலையார்பேட்டையைச் சேர்ந்தவர், கணவர் தமிழாசிரியர். 1991 சூன் 11 அன்று, விசாரித்துவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்று நம்பி, 19 வயது மகன் பேரறிவாளனை அவரே புலனாய்வு அதிகாரிகளிடம் ஒப்படைத்தார். மகன் விடுதலையானது 2022 மே 18 அன்று. இடைப்பட்ட 31 ஆண்டுகளும் அவர் சிறைவாசல்களுக்கும் நீதிமன்றங்களுக்கும் நடந்தார். மகன் குற்றமற்றவன் என்பது அவர் தளராத நிலைப்பாடு. உச்ச நீதிமன்றமோ முன்னைய குற்றத்தீர்ப்பை மாற்றாமல், அரசியலமைப்பின் 142ஆம் உறுப்பின்படி விடுதலை அளித்தது. அவ்விவாதத்தைத் தீர்ப்பது நம் வேலையன்று. நாம் அவரிடம் கற்கக் கூடியது வேறு. அவர் ஒளிந்துகொள்ளவில்லை. தம் பெயரையும் ஊரையும் மாற்றிக்கொள்ளவில்லை. சிறையிலிருந்த மகன் நின்றுபோன படிப்பைத் தொடர்ந்தார். மேனிலைத் தேர்வில் 1200க்கு 1096 மதிப்பெண் பெற்றார்.

இங்கே மறு பக்கத்தையும் சொல்லாவிடில் பாடம் குறைபடும். அந்த வெடிப்பில் படுகாயமுற்றுப் பிழைத்த காவல்துறைப் பெண் அதிகாரி ஒருவர், குற்றவாளிகளின் விடுதலையை வெளிப்படையாக எதிர்த்தார். அதற்கு அவருக்கு முழு உரிமை உண்டு. இறந்தவரின் மகளோ 2008 மார்ச்சில் வேலூர்ச் சிறைக்குச் சென்று நளினியைச் சந்தித்தார். ஒரே நிகழ்ச்சியால் அடிபட்ட இருவர் இரு வழியில் சென்றனர். எதையும் தவறென்று சொல்ல நமக்குத் தகுதியில்லை.

இனி வீட்டுக்குள் வருவோம். முதல் நாட்களில் தாயின் உள்ளத்தில் எழும் கேள்வி, “நான் எங்கே தவறினேன்?” என்பதே. ஊரும் அதையே கேட்கிறது. 1999 ஏப்ரல் 20 அன்று அமெரிக்காவின் கொலம்பைன் பள்ளியில் இரு மாணவர்கள் 13 பேரைச் சுட்டுக்கொன்று தாமும் மடிந்தனர். அவர்களுள் ஒருவனின் தாயார் சூ கிளீபோல்டு, 17 ஆண்டுகள் கழித்து 2016இல் ஒரு நூல் வெளியிட்டார். மகனுடைய மனத்தில் நடந்ததைத் தாம் அறியவேயில்லை என்பதே அவர் மீண்டும் மீண்டும் சொல்வது. உண்டு, உறங்கி, சிரித்துப் பேசிய பிள்ளைதான். வளர்ப்பு காரணமே அன்று என்று நாம் கூறவில்லை. பிள்ளைகளை வளர்ப்பவர் பார்க்கவேண்டியவை பல உண்டு. ஆனால் ஒரே தாயின் கையில் சோறுண்ட நான்கு பிள்ளைகளுள் மூவர் நல்லவராக இருக்க, நான்காமவனுக்கு மட்டும் அவளைப் பொறுப்பாளியாக்குவது என்ன கணக்கு?

மனுநீதிச் சோழன் கதையைப் பல்லாண்டு வகுப்பில் நடத்தியிருக்கிறோம். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்திலும் அவனுக்குச் சிலை உண்டு. கன்றைக் கொன்ற மகனைத் தேர்க்காலிலிட்ட தந்தையை அனைவரும் புகழ்வர். இளவரசனைப் பெற்ற அரசி அன்று அரண்மனையில் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று ஒரு மாணவியும் கேட்டதில்லை, பாடநூலும் சொன்னதில்லை.

மகனை நேசிப்பதும் அவன் செய்ததை வெறுப்பதும் ஒரே நெஞ்சில் சேர்ந்து இருக்கலாம். ஒன்றை நிலைநாட்ட மற்றொன்றைக் கைவிடவேண்டும் என்று எண்ணுவதால்தான் பல இல்லங்கள் சிதறுகின்றன. தந்தை ‘இனி எனக்கு மகன் இல்லை’ என்கிறார். தாய் மறைவாகச் சிறைக்குச் செல்கிறாள். ஒரு கூரையின்கீழ் இருவரும் பேச்சற்றுப் போகிறார்கள். பார்க்கச் செல்பவரும் செல்லாதவரும் ஒருவரையொருவர் வற்புறுத்தாதிருப்பது நல்லது. பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி வந்து, செங்குன்றம் சென்று, புழல் சிறைவாசலில் காத்து நின்று திரும்பினால் ஒரு நாட் கூலி போய்விடும். அதனைப் பொறுத்துக்கொண்டு போகும் தாயைக் ‘கொலைகாரனுக்குப் பரிவதா’ என்று கேட்பவர், அவள் அங்கே அவனிடம் என்ன சொன்னாள் என்பதை அறியார்.

சட்டம் பற்றிச் சிலவற்றைத் தெளிவாக அறிந்திருத்தல் வேண்டும். அறியாமையால் இரண்டாவது குற்றம் நிகழ்கிறது. குற்றவாளியை ஒளித்து வைப்பது 2024 சூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 249ஆம் பிரிவின்படி குற்றம். கணவன் மனைவிக்கு மட்டுமே அதில் விலக்கு. தாய்க்கு இல்லை, அண்ணனுக்கு இல்லை. இரத்தம் தோய்ந்த வேட்டியைத் துவைப்பதும், கத்தியை ஏரியில் எறிவதும் சாட்சியத்தை அழித்தல் ஆகும்; அதற்கு மனைவிக்கும் விலக்கில்லை. பதறிய நேரத்தில் பெண்கள் செய்வது பெரும்பாலும் இதுவே. வழக்கறிஞரை உடன் அழைத்துக்கொண்டு அவனைச் சரணடையச் செய்வதே வீட்டார் அவனுக்குச் செய்யும் நன்மை.

வீட்டாரின் உரிமைகளும் உண்டு. கைது செய்தால் உறவினர்க்குத் தெரிவிக்கவேண்டும். 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்தவேண்டும். தேடப்படுபவன் கிடைக்கவில்லை என்பதற்காக அவன் தம்பியையோ தந்தையையோ பிடித்து வைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை. சாட்சி விசாரணைக்காகப் பெண்களையும், 15 வயதுக்கு உட்பட்ட சிறுவரையும், 60 வயதைக் கடந்த ஆடவரையும் காவல் நிலையத்துக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த இயலாது. அவர்கள் இருக்கும் வீட்டிலேயே விசாரிக்கவேண்டும். சிறையிலிருப்பவர்க்கும் பெண்களுக்கும் 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி இலவச வழக்கறிஞர் உண்டு. தாலுகா நீதிமன்றத்திலுள்ள சட்டப் பணிகள் குழுவிடம் விண்ணப்பிக்கலாம். 15100 என்ற எண்ணில் தொலைபேசியிலும் கேட்கலாம். படகை விற்று வழக்காடிய பின் இதனைக் கேள்விப்படுவோர் பலர்.

கொலையுண்டவர் வீட்டாரிடம் எப்போது செல்வது? உடனே சென்று காலில் விழுந்து மன்னிப்புக் கேட்பது பண்பாடு என்று சிலர் எண்ணுகின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. அது துக்கத்தில் இருப்பவர் தோளில் மேலும் ஒரு சுமையை ஏற்றுவதாகும். மன்னிக்காவிட்டால் அவர்கள் கல்நெஞ்சர் எனப்படுவர். ஊர்ப் பெரியவர் ஒருவர் வழியாக, “எங்கள் வீட்டுப் பிள்ளை செய்ததற்கு நாங்கள் வெட்கி நிற்கிறோம், எதையும் கேட்டு வரவில்லை” என்று சொல்லியனுப்பினால் போதும். சாட்சி சொல்வோரை எந்த வகையிலும் அணுகாதிருத்தல் வேண்டும். பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு அரசின் இழப்பீட்டுத் திட்டம் உண்டு என்பதையும் அப்பெரியவரே அவர்களிடம் எடுத்துக்கூறலாம்.

மன்னிப்பு வருவதாயின் தானே வரும், காலம் எடுத்துக்கொள்ளும். 1995 பிப்ரவரியில் மத்தியப் பிரதேசத்தில் இராணி மரியா என்னும் கேரளத்துக் கன்னியாஸ்திரீ பேருந்தில் வைத்துக் குத்திக் கொல்லப்பட்டார். ஏழு ஆண்டுகள் சென்று, 2002இல், அவர் தங்கை சிறைக்குச் சென்று கொலையாளியின் கையில் ராக்கி கட்டினார். பின்னர் குடும்பத்தாரே பரிந்துரைக்க, அவன் 2006இல் விடுதலையானான். இது வியப்புக்குரியது, எல்லாரிடமும் எதிர்பார்க்கத் தக்கதன்று. அதே 2006இல், அக்டோபர் 2 அன்று, அமெரிக்காவில் ஆமிஷ் என்னும் எளிய வாழ்க்கை வாழும் மக்களின் பள்ளியில் பால் வண்டி ஓட்டுநன் ஒருவன் பத்துச் சிறுமியரைச் சுட்டான், ஐவர் இறந்தனர். அவனும் தன்னைச் சுட்டுக்கொண்டான். அவனை அடக்கம் செய்தபோது வந்திருந்தோரில் பாதிக்கு மேற்பட்டோர் ஆமிஷ் மக்கள். அவன் தாய் டெர்ரி ராபர்ட்ஸ் பிற்காலத்தில், பிழைத்தவர்களுள் மிகக் கடுமையாகக் காயமுற்ற சிறுமிக்கு வாரந்தோறும் சென்று பணிவிடை செய்தார். அந்த வீட்டார் வரவிட்டதால் அது நிகழ்ந்தது.

பிள்ளைகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். ஆசிரியப் பயிற்சியில் குழந்தை உளவியல் நாம் கற்றதுண்டு. தந்தையை இழந்த பிள்ளையைப் பற்றி அதில் இருந்தது. தந்தை சிறையிலிருக்கும் பிள்ளையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நம் வகுப்பில் அத்தகைய சிறுமி ஒருத்தி இருந்தாள். உதவித்தொகைப் படிவத்தில் ‘தந்தையின் தொழில்’ என்ற கட்டத்தை அவள் நிரப்பாமல் வைத்திருந்தாள். பின் இருக்கையில் ஒருவன் உரக்க ஒரு சொல் சொன்னான், வகுப்பு சிரித்தது. நாம் அவனைக் கண்டிக்கவில்லை. எல்லாப் படிவங்களையும் வாங்கி மேசைமேல் அடுக்கினோம். மாலையில் அவளைத் தனியே அழைத்து, “அப்பா என்ன வேலை தெரிந்தவர்?” என்று கேட்டோம். “வலை பின்னுவார், டீச்சர். ஏரிக்குப் போவார்,” என்றாள். “அதை எழுது” என்றோம். மீன்பிடித்தல் என்று எழுதினாள். அது பொய்யன்று.

அப்பா வெளியூர் போயிருக்கிறார் என்று பிள்ளையிடம் சொல்லிவைப்பது குப்பத்தில் ஒரு வாரம்கூட நிற்காது. ஐந்து வயதுப் பிள்ளைக்கும் அதற்கேற்ற அளவில் உண்மையைச் சொல்லவேண்டும்: அப்பா ஒருவரைக் கொன்றுவிட்டார், அது மிகப் பெரிய தவறு, அதனால் சிறையில் இருக்கிறார், நீ எதுவும் செய்யவில்லை. கடைசிச் சொற்றொடரைப் பல முறை சொல்லவேண்டியிருக்கும். இறந்தவர் வீட்டுப் பிள்ளையும் அதே பள்ளியில் இருந்தால் இருவரையும் ஒரே இருக்கையில் அமர்த்திச் சமாதானம் காட்டும் ஆசிரியர்கள் உண்டு. அது வேண்டாம். முடிந்தால் வேறு வேறு பிரிவில் வைக்கவேண்டும்.

ஊர்க்கூட்டத்தின் பொறுப்பு இன்னொன்று. சில இடங்களில் கொலை நடந்தவுடன் வீட்டையே ஊர்விலக்கு செய்வர். எவரும் பேசக்கூடாது, தண்ணீர் தரக்கூடாது என்பர். மகாராஷ்டிரத்தில் இத்தகைய சமூகப் புறக்கணிப்பைத் தடுக்கவே தனிச் சட்டம் இயற்றி 2017இல் நடைமுறைப்படுத்தினர். குப்பத்தில் விலக்கினும் கொடியது முறையைப் பறிப்பது. பாடு ஆடவன் பெயரில் எண்ணப்படுகிறது. அவன் சிறைக்குப் போனால் அவ்வீட்டு நாள் என்னாவது? கொலையுண்டவனும் ஆடவனே, அவன் வீட்டு நாளும் அவ்வாறே கேள்விக்குறி ஆகிறது. முதலில் கொலையுண்டவன் வீட்டுக்குரியதைத் தீர்த்து, அவன் உறவினர் ஒருவரை வலையிடச் செய்து, பங்கு அவன் மனைவியின் கையில் சேர வழி செய்யவேண்டும். அதன் பின்னரே மற்ற வீட்டைப் பற்றிப் பேசவேண்டும். ஆனால் பேசாமல் விடலாகாது. கொன்றவனின் தம்பியோ மைத்துனனோ அந்த நாளில் ஏரிக்குச் செல்லலாம். இறாலில் வரும் பங்கு அவன் மனைவி மக்களுக்கு. இரு வீட்டு நாட்களும் அடுத்தடுத்து வராதபடி குறித்துவிட்டால், இரண்டு தாய்மாரும் ஒரே காலையில் படகுத்துறையில் கூடையுடன் எதிரெதிரே நிற்க நேராது. நாள் குறிக்கும் பெரியவர்க்கு அது அரிய காரியமன்று.