வீட்டுச் சேவையகமும் இணைய நிறுவனத் தேர்வும்

கோடையில் தண்ணீர்ப் பந்தல் வைப்போர், வழிப்போக்கர் வந்து சேரும் பாதை எது என்று பார்த்தே பானையை இறக்கி வைப்பர். தம் வீட்டில் சேவையகம் அமைக்க விரும்பும் மாணவர்க்கும் இது பொருந்தும். இதனை நான் படித்து அறிந்தேனல்லேன், பட்டு அறிந்தேன். அங்ஙனம் அறிந்ததை நண்பர்களுக்குப் பயன்படும் என்று கருதி ஈண்டு எழுதுகின்றேன்.

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடி மலைக்குச் செல்லும் வழியில் உள்ள சிற்றூர் வித்துரா. ரப்பர்த் தோட்டங்களும் காடும் சூழ்ந்த இவ்வூரில் வாடகை வீடொன்றில் தங்கிப் படித்து வருகின்றேன். நம் சங்கத்தின் பழைய மலர்களிற் பல கரையானுக்கு இரையாயின. எஞ்சியவற்றை நண்பர்கள் சிலர் கூடிப் பக்கம் பக்கமாகப் படமெடுத்தோம். யாவரும் எங்கிருந்தும் அவற்றைப் படிக்க வேண்டும் என்னும் ஆவலால், என்னிடமிருந்த பழைய கணினியையே சேவையகமாக்கினோம்.

சேவையகம் என்பது யாது? கேட்பவர்க்குக் கேட்டதை எடுத்துக் கொடுக்கும் கணினியே சேவையகம். நாள்தோறும் இணையத்தைப் பயன்படுத்தும்போது நாம் பிறரிடம் சென்று கேட்கின்றோம். சேவையகம் வைத்தால் பிறர் நம்மிடம் வந்து கேட்கின்றனர். இவ்வொரு வேறுபாட்டிலிருந்தே மற்றவை எல்லாம் பிறக்கின்றன. விளம்பரங்களோ சென்று கேட்பவனுக்காகவே எழுதப்படுகின்றன. அவற்றை நம்பி, மிகுந்த வேகம் தருவதாகச் சொன்ன நிறுவனம் ஒன்றில் நான் இணைப்புப் பெற்றேன். பொருத்திய அன்றே ஏமாற்றம் காத்திருந்தது. என் வீட்டிற்குள் மலர்கள் திறந்தன. வெளியிலிருந்து ஒருவராலும் திறக்க இயலவில்லை.

காரணம் முகவரி. இணையத்தின் பழைய முகவரி முறையாகிய ஐ.பி. நான்காம் பதிப்பில் ஏறத்தாழ 429 கோடி முகவரிகளே உண்டு. உலகப் பொதுக் களஞ்சியத்தில் எஞ்சியிருந்தவை 2011 பிப்ரவரியில் முழுவதும் பகிர்ந்தளிக்கப்பட்டுவிட்டன. ஆகவே பல நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே முகவரியின் பின்னே வைக்கின்றன. இதற்கு நம் விடுதியையே எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அறை எண்ணின்றி விடுதி முழுவதற்கும் ஒரே முகவரி எனக் கொள்வோம். உள்ளிருப்பவர் கடிதம் எழுதினால், எழுதியவர் இன்னார் என்று காவலர் குறித்து வைத்து, வரும் மறுமொழியை அவரிடம் சேர்ப்பார். வெளியூரிலிருந்து ஒருவர் தாமாகவே எழுதும் முதற் கடிதம் யாரிடம் சேரும்? காவலர் அறியார், கடிதம் திரும்பிவிடும்.

நம் இணைப்பு எத்தகையது என்று அறிவது எளிது. ரூட்டரின் வெளிப்புற முகவரியையும், வெளியிலுள்ள தளம் ஒன்று நமக்குக் காட்டும் முகவரியையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இரண்டும் வேறாயின் நாம் பிறர் முகவரியின் பின்னே நிற்கின்றோம் என்க. 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள் இவ்வாறு பகிர்வதற்கென்றே 2012இல் ஒதுக்கப்பட்டவை. எனவே இணைப்புப் பெறுமுன் கேட்க வேண்டிய முதல் வினா, "நிலையான பொது முகவரி தருவீர்களா? அதற்குக் கட்டணம் என்ன?" என்பதாம். ஆறாம் பதிப்பு முகவரி தருவார்களா என்றும் கேட்டல் நன்று. அம்முறையில் முகவரிக்குப் பஞ்சமில்லை. எனினும் படிக்க வருபவரின் இணைப்பிலும் அது இருத்தல் வேண்டும். வீட்டு இணைப்பில் சேவையகம் நடத்த ஒப்பந்தம் இடங்கொடுக்கின்றதா என்பதையும் எழுத்தில் பார்த்துக்கொள்ளுதல் வேண்டும்.

இரண்டாவது வினா பதிவேற்ற வேகம் பற்றியது. நாம் கொடுப்பவர், ஆதலின் நமக்கு வேண்டுவது வெளியே செல்லும் வேகம். வினாடிக்கு 40 மெகாபிட் என்றால் 5 மெகாபைட். அறுபது மெகாபைட் அளவுள்ள மலர் ஒன்று பன்னிரண்டு வினாடியில் சென்றுவிடும். பதிவேற்றம் 4 மெகாபிட் மட்டுமே எனில் இரண்டு நிமிடம் ஆகும். ஐவர் ஒருங்கே கேட்டால் ஒவ்வொருவரும் பத்து நிமிடம் காத்திருக்க நேரும்.

கூடுதற் கட்டணம் செலுத்தி நிலையான முகவரி பெற்றேன். மலர்கள் ஊரெங்கும் திறந்தன. இனிக் குறையில்லை என்று இறுமாந்திருந்தேன். மழைக்காலம் வந்தது. ஓர் இரவு ரப்பர் மரமொன்று சாய்ந்து கம்பியை அறுத்தது. முறையீட்டு எண்ணுக்கு எத்தனையோ முறை பேசினேன். "இருபத்துநான்கு மணி நேரத்தில் சரியாகும்" என்ற மறுமொழியே மீண்டும் மீண்டும் வந்தது. மூன்று நாள் சென்றன.

அம்மூன்றாம் நாளில்தான் சங்கத்தின் முன்னாள் உறுப்பினர் ஒருவருக்கு நினைவுக் கூட்டம் நடந்தது. அவர் மாணவராக இருந்தபோது நம் மலரில் எழுதிய கட்டுரையை அங்குப் படிக்க வேண்டும் என்று அவருடைய மகள் விரும்பினார். அச்சிட்ட படி எவரிடமும் இல்லை. கூட்டம் அக்கட்டுரையின்றியே முடிந்தது. "பரவாயில்லை, தம்பி" என்று அவர் சொன்னார். அச்சொல் இன்றும் என்னைச் சுடுகின்றது.

மூன்றாவது வினாவை நான் கேளாமல் விட்டதே அதற்குக் காரணம். "கம்பி அறுந்தால் கம்பத்தில் ஏறுபவர் யார்? அவர் எவ்வூரில் இருக்கின்றார்?" என்பதே அவ்வினா. கேரளத்தில் பி.எஸ்.என்.எல். ஒளியிழை இணைப்புகள் பலவற்றை உள்ளூர்ப் பங்காளர்களே இழுத்துப் பேணுகின்றனர். கேரளா விஷன் உள்ளூர்க் கேபிள்காரர்களின் கூட்டு முயற்சி. 2023 ஜூன் 5ஆம் நாள் தொடங்கிவைக்கப்பட்ட மாநில அரசின் கே-ஃபோன், மின்வாரியக் கம்பங்களின் வழியே செல்கின்றது. ஆகவே நிறுவனத்தின் பெயர் ஒன்றாயினும் ஊருக்கு ஊர் சேவை மாறும். நகரத்து நண்பர் புகழ்ந்தார் என்பதற்காக மலையடிவாரத்தில் அதனை வாங்குதல் கூடாது. நம் தெருவில் அதே இணைப்பை வைத்திருக்கும் இருவரிடம், சென்ற மழையில் எத்தனை நாள் அறுந்து கிடந்தது என்று கேட்க வேண்டும்.

கணக்கும் ஒரு துணை. முப்பது நாளுக்கு 720 மணி நேரம். நூற்றுக்கு 99 பங்கு இயங்கும் இணைப்பு என்றால் கேட்க இனிமையாக இருக்கும். அதுவும் மாதத்தில் ஏழு மணி நேரத்திற்கு மேல் நின்றுபோகும். மூன்று நாள் அறுந்த என் இணைப்போ அம்மாதம் 90 பங்கே தேறியது. ஓராண்டுக் கட்டணத்தை முன்னதாகக் கட்டாமல், ஒரு மாதம் பெற்று, ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை கணினியைக் கொண்டே இணைப்பைச் சோதித்துக் குறித்து வைத்தால் உண்மை விளங்கும்.

நிறுவனத்தின்மேல் ஏற்றக் கூடாத குறையும் ஒன்றுண்டு. பழைய செம்புக் கம்பித் தொலைபேசிக்கு நிலையத்திலிருந்தே மின்சாரம் வந்தது. ஒளியிழையில் அது வாராது. மின்சாரம் நின்றால் வீட்டுப் பெட்டியும் நிற்கும். எனவே அப்பெட்டிக்கும் சேவையகத்திற்கும் யு.பி.எஸ். வேண்டும். இரண்டாவது இணைப்பு வாங்க வசதியுள்ளோர், அதன் கம்பி எவ்வழி வருகின்றது என்று பார்த்து வாங்குக. ஒரே கம்பத்தில் தொங்கும் இரண்டு கம்பிகளும் ஒரே மரத்தால் அறும்.

இப்பொழுது நான் வேகம் குறைந்த வேறோர் இணைப்பை வைத்திருக்கின்றேன். அதனைப் பேணுபவர் கடைத்தெருவில் இருக்கின்றார். சென்ற துலாமாத இடிமழையில் கம்பி அறுந்தபோது, "சேட்டா" என்று கூப்பிட்ட மறுநாட் காலையில் ஏணியுடன் வந்துவிட்டார். மலர்களின் மற்றொரு படியையும் சங்க அறையில் தனி வட்டில் வைத்துள்ளோம். எத்துணை நல்ல நிறுவனமும் ஒருநாள் தவறும் என்பதை நான் அறிந்துகொண்டேன்.

நண்பர்களே, முகவரி, பதிவேற்றம், பழுது நீக்குபவர் ஆகிய மூன்றையும் கேட்டறிந்த பின்னரே வேகத்தைக் கேளுங்கள். கேளாமல் வாங்கினால் இழப்பு நம்மோடு நிற்பதில்லை. நம்மை நம்பி வந்தவரையும் சேரும். அந்த அம்மையாருக்கு அக்கட்டுரையைப் பின்னர் அனுப்பினேன். அவர் படித்தார். ஆனால் கூட்டம் முடிந்திருந்தது.